கராஜ் கதவு ஓப்பனர் மக்கர் செய்தால்: வாரண்டிக்குப் போன் போடும் முன்னும் பின்னும்

அமெரிக்க வீடுகளில் கராஜ் கதவு பாதியில் நின்றால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது மேலே தொங்கும் மோட்டாரை, அதாவது ஓப்பனரைத்தான். அதற்கு முன் கதவைச் சோதியுங்கள். கதவு முழுதாக மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்தால் மோட்டாரிலிருந்து கதவு விடுபடும். கையால் இடுப்பளவு தூக்கி, மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. கனத்து இறங்கினாலோ, தூக்கவே முடியாவிட்டாலோ ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். கதவுக்கு மேல் குறுக்கே போகும் ஸ்பிரிங்கின் நடுவே இடைவெளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அதை நீங்கள் கழற்றாதீர்கள், முறுக்கேறிய கம்பி எலும்பை முறித்துவிடும். கதவு திறந்திருக்கும்போது கயிற்றை இழுக்கவும் வேண்டாம். ஸ்பிரிங் அறுந்திருந்தால் மொத்தக் கதவும் சரிந்து விழும்.

ஸ்பிரிங்கை ஓப்பனர் வாரண்டியில் கேட்க முடியாது. தளர்ந்த ஸ்பிரிங்கோடு ஓட்டினால் மோட்டாருக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரம் தேயும். மோட்டார் ஓடும், சங்கிலி நகராது, மூடியைத் திறந்தால் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடக்கும். ஸ்பிரிங்கைச் சரிசெய்யாமல் புதுச் சக்கரம் போட்டால் அதுவும் தேய்ந்துவிடும்.

கதவு திறக்கிறது, மூட மறுக்கிறது, விளக்கு மின்னுகிறது என்றால், கதவின் குறுக்கே ஏதாவது நிற்கிறதா என்று ஒளிக்கற்றையால் பார்க்கும் சென்சாரைப் பாருங்கள். 1993 முதல் தயாரான ஓப்பனர்களில் இது கட்டாயம். தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருபுறமும் இருக்கும். லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லெயின் பிராண்டு ஓப்பனர்களில் ஒளியை அனுப்பும் பக்கம் மஞ்சள் விளக்கு, வாங்கும் பக்கம் பச்சை. பச்சை அணைந்தோ நடுங்கியோ இருந்தால் லென்ஸைத் துடைத்து நேராகத் திருப்புங்கள். மாலை வெயிலில் மட்டும் தகராறு என்றால் இரண்டையும் இடம் மாற்றி, பச்சையை நிழல் பக்கம் வையுங்கள். இரண்டுமே எரியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, சென்சார்களைக் கழற்றி, குட்டை ஒயரால் மோட்டாரிலேயே நேரடியாக இணைத்து, மறுபடி மின்சாரம் கொடுங்கள். எரிந்தால் சுவரில் ஓடும் ஒயரில்தான் பழுது. அப்போதும் எரியாவிட்டால் பழுது சென்சாரில் அல்லது லாஜிக் போர்டில் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை).

ரிமோட் எட்டுவது குறைந்துவிட்டால் ஓப்பனரில் மாட்டிய எல்இடி பல்பைக் கழற்றிப் பாருங்கள். மலிவான பல்புகள் சிக்னலைக் கெடுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு நிறுவனத்தை அழையுங்கள். மாடல் எண், சீரியல் எண், வாங்கிய ரசீது, லேர்ன் பட்டனின் (ரிமோட்டைப் பதிய ஓப்பனரில் இருக்கும் பட்டன்) நிறம், பழுதைக் காட்ட விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்ற எண்ணிக்கை எல்லாம் கையில் இருக்கட்டும். "ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் சென்சாரிலிருந்து ஆரம்பிப்பார்கள். செய்த சோதனைகளை வரிசையாகச் சொன்னால் எந்தப் பாகம் வேண்டும் என்பது சீக்கிரம் முடிவாகும். மாற்றுக் கூலி வாரண்டியில் சேருமா, பழைய பாகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்னலில் போன போர்டுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது. முழு ஓப்பனரே மாற்றுவதானால், கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் பேட்டரி பேக்கப் (மின்சாரம் போனாலும் கதவை இயக்கும் பேட்டரி) உள்ளதைத்தான் பொருத்த வேண்டும்.

நிறுவனத்திடமிருந்து மாற்றுப் போர்டு வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, ஒயர் இணைப்புகளைப் போட்டோ எடுத்த பிறகே கழற்றுங்கள். புதுப் போர்டுக்குப் பழைய கணக்கு எதுவும் தெரியாது. கதவு நிற்கும் இடம், கதவைத் தள்ளும் விசை, ரிமோட் மூன்றையும் புதிதாகப் பதிய வேண்டும். லேர்ன் பட்டனை ஒருமுறை தட்டி, 30 நொடிக்குள் ரிமோட்டை அழுத்துங்கள். லேர்ன் பட்டனையே அதன் விளக்கு அணையும்வரை பிடித்து அழுத்தினால் பதிந்த ரிமோட்டுகள் எல்லாம் அழிந்துவிடும்.

கடைசியாக, கதவுக்கு நேர்கீழே ஒன்றரை அங்குல உயரப் பலகையைப் படுக்க வைத்து மூடுங்கள். பலகையில் பட்டதும் கதவு மேலே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கீழ் எல்லையையும் விசையையும் மறுபடி சரிசெய்து சோதியுங்கள். தேறும்வரை அந்தக் கதவை மோட்டாரில் ஓட்டக் கூடாது.