கம்பெனி காரை விட்டுவிட்டு அலவன்ஸ் வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

"காரைத் திருப்பிக் கொடுத்தால் மாதம் 1,500 வெள்ளி அலவன்ஸ் தருகிறோம்" என்று எச்.ஆர். கடிதம் வந்ததும் பலர் போடும் கணக்கு இதுதான்: புதுக் காரின் தவணை 1,100 சொச்சம், அலவன்ஸ் 1,500, மிச்சம் கிட்டத்தட்ட 400. உடனே கையெழுத்து. வரி, இன்சூரன்ஸ், பாலத்து டோல், பெட்ரோல் எதுவுமே அந்தக் கணக்கில் வருவதில்லை.

மலேசியாவின் பினாங்கில், பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் குடியிருந்து பாலத்தைக் கடந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களில் கம்பெனி கார்தான் பெரும்பாலும் வீட்டுக் காரும். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போவதும் அதில்தான். அதனால் இந்த முடிவை அவசரமாக எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கீழே உள்ள வரிசைப்படி போனால் ஒரு மாலைப் பொழுதில் உங்கள் விடை கிடைத்துவிடும்.

படி 1: கம்பெனி இப்போது எதையெல்லாம் கட்டுகிறது?

ஒரு தாளில் எழுதுங்கள். காருக்கான தவணை அல்லது வாடகை, இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி, பெட்ரோல் கார்டு, டோல், பார்க்கிங். கார் பட்டறையில் நிற்கும்போது மாற்றுக் கார் கிடைக்கிறதா என்பதையும் சேருங்கள். காரைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் இவற்றில் எது எது உங்கள் தலையில் விழும் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். சில இடங்களில் கார் போனாலும் பெட்ரோல் கார்டு தொடரும். அந்த ஒன்றே முடிவை மாற்றிவிடலாம்.

படி 2: காருக்காக இப்போது எவ்வளவு வரி கட்டுகிறீர்கள்?

கம்பெனி காரைச் சொந்தத் தேவைக்கும் ஓட்டினால், அதை வருமான வரி வாரியம் உங்களுக்குக் கிடைத்த நன்மையாகக் கருதி அதற்கு ஒரு மதிப்புப் போடுகிறது. கம்பெனி ஆண்டுதோறும் தரும் ஈ.ஏ. படிவத்தில், அதாவது உங்கள் ஆண்டு வருமான விவரப் படிவத்தில், அது இருக்கும். அந்த மதிப்பு, கார் புதிதாக இருந்தபோது என்ன விலை என்பதைப் பொறுத்தது. நம்மில் பலர் ஓட்டும் கார்களுக்கான ஆண்டு மதிப்பு இப்படி:

50,000 வெள்ளி வரை: காருக்கு 1,200, பெட்ரோலுக்கு 600
50,001 முதல் 75,000 வரை: 2,400, பெட்ரோலுக்கு 900
75,001 முதல் 100,000 வரை: 3,600, பெட்ரோலுக்கு 1,200
100,001 முதல் 150,000 வரை: 5,000, பெட்ரோலுக்கு 1,500
150,001 முதல் 200,000 வரை: 7,000, பெட்ரோலுக்கு 1,800

கார் ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் காருக்கான மதிப்பு பாதியாகும். பெட்ரோலுக்கான மதிப்பு அப்படியே இருக்கும். ஓட்டுநரையும் கம்பெனி கொடுத்தால் மாதத்துக்கு 600 தனியாகச் சேரும்.

இவை வரிக்கு உட்படும் தொகைகள்தான். நீங்கள் கட்டும் வரி இவற்றில் ஒரு பங்கு. ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு கடைசி வரை போவோம். பிறையில் வீடு, பாயான் லெப்பாஸில் வேலை. கழிவுகள் எல்லாம் போக, காரைச் சேர்க்காமல் ஆண்டுக்கு வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி. கம்பெனி கொடுத்திருப்பது 90,000 வெள்ளிக் கார், பெட்ரோல் கார்டும் உண்டு. நன்மையின் மதிப்பு 3,600 கூட்டல் 1,200, மொத்தம் 4,800. 50,000 முதல் 70,000 வரையிலான வருமானத்துக்கு வரி 11 விழுக்காடு. ஆக ஆண்டுக்கு 528 வெள்ளி, மாதத்துக்கு 44.

ஒரு முழுக் காரும் பெட்ரோலும் மாதம் 44 வெள்ளி வரியில் கிடைக்கிறது. கம்பெனி கார் எவ்வளவு பெரிய சலுகை என்பது இந்த இடத்தில்தான் புரியும்.

படி 3: அலவன்ஸில் வரி போக எவ்வளவு மிஞ்சும்?

அலவன்ஸாக வரும் காசு சம்பளத்தோடு சேர்ந்து முழுவதும் வரிக்கு உட்படும். மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000. உதாரணத்தில் வருமானம் 60,000இலிருந்து 78,000க்கு ஏறுகிறது. முதல் 10,000க்கு 11 விழுக்காடு, அதாவது 1,100. 70,000ஐத் தாண்டும் 8,000க்கு 19 விழுக்காடு, அதாவது 1,520. மொத்தம் 2,620, மாதத்துக்கு ஏறக்குறைய 218.

1,500இல் 218 போனால் 1,282. கார் போவதால் அந்த 44 வெள்ளி வரியும் போகும். ஆகவே உண்மையில் கையில் கூடுவது 1,326 வெள்ளி. இனி ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையைத்தான். 1,500ஐ மறந்துவிடுங்கள்.

உங்கள் வருமானம் 100,000ஐத் தாண்டினால் அதற்கு மேல் வருவதற்கு வரி 25 விழுக்காடு. அங்கே 1,500 அலவன்ஸில் 1,125தான் மிஞ்சும். சம்பளம் ஏற ஏற காசின் கவர்ச்சி குறைகிறது.

இங்கே ஒரு சலுகை உண்டு. அலுவலக வேலையாகப் பயணம் செய்வதற்குத் தரப்படும் பெட்ரோல், பயண அலவன்ஸில் ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை வரி விலக்கு. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது அதில் சேராது. வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது, சுங்கைப் பட்டாணி கிளைக்குப் போவது போன்றவை சேரும். உங்கள் வேலை அப்படிப்பட்டதாக இருந்தால், 1,500ஐயும் ஒரே தொகையாக வாங்காமல் 1,000 கார் அலவன்ஸ், 500 பயண அலவன்ஸ் என்று பிரித்துக் கேளுங்கள். உதாரணத்தில் இதனால் மாதம் 95 வெள்ளி வரி மிச்சமாகும். பயணக் குறிப்பும் ரசீதும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

படி 4: சொந்தக் காரின் முழுச் செலவு

முதலில், இப்போது ஓட்டும் அதே தரத்தில் 90,000 வெள்ளிக்கு ஒரு கார் வாங்குவதாக வைப்போம். 9,000 முன்பணம், 81,000 கடன், ஏழு ஆண்டுகள், ஆண்டுக்கு 3 விழுக்காடு ஃபிளாட் வட்டி. வட்டி 17,010, மாதத் தவணை 1,167. ஃபிளாட் என்பதால் கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் தொகைக்கே போடப்படுகிறது. உண்மை வட்டி 3ஐவிட நன்றாகவே அதிகம். வங்கியிடம் இரண்டு எண்களையும் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் பலர் அடிபடுவது என்.சி.டி. தள்ளுபடியில். விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் ஆண்டுதோறும் 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று தள்ளுபடி ஏறும். பத்து ஆண்டுகள் கம்பெனி காரை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருந்தாலும் அந்தத் தள்ளுபடி கம்பெனி பெயரில்தான். உங்கள் பெயரில் வாங்கும் காருக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால் நண்பர் கட்டும் இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டு எழுதாதீர்கள். உங்கள் பெயருக்கு விலை வாங்குங்கள். உதாரணத்துக்கு ஆண்டுக்கு 2,800, மாதம் 233 என்று வைக்கிறேன்.

1.5 லிட்டர் காருக்கு ரோட் டேக்ஸ் ஆண்டுக்கு 90 வெள்ளி, மாதத்துக்கு 8 என்று போடுங்கள். சர்வீஸ், டயர் இரண்டுக்கும் 150 ஒதுக்குங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 105 லிட்டர் பெட்ரோல்; 2025 செப்டம்பர் 30இல் வந்த புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் லிட்டருக்கு 1.99 வெள்ளி விலையில் 209. பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும் 5.74 வெள்ளி டோல். 22 நாளைக்கு 126.

1,167 + 233 + 8 + 150 + 209 + 126 = 1,893.

கையில் கூடுவது 1,326, செலவு 1,893. மாதம் 567 வெள்ளி துண்டு விழுகிறது, முன்பணம் 9,000 தனி. "ஏழு வருஷத்தில் கார் நமக்குச் சொந்தமாகிவிடுமே" என்பீர்கள். உண்மைதான். அன்று அதை 35,000க்கு விற்க முடியும் என்று வைத்தாலும், முன்பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாதத்துக்கு 257 வெள்ளி நஷ்டம்தான். அந்த 35,000 ஏழு ஆண்டுகள் கழித்து வருவது. 567 ஒவ்வொரு மாதமும் போவது.

படி 5: அதே கணக்கைச் சின்னக் காருக்குப் போடுங்கள்

50,000 வெள்ளியில் 1.3 லிட்டர் உள்ளூர்க் கார். 5,000 முன்பணம், 45,000 கடன், அதே ஏழு ஆண்டுகள், அதே வட்டி: தவணை 648. இன்சூரன்ஸ் 142, ரோட் டேக்ஸ் 6, சர்வீஸ் 120, பெட்ரோல் 179, டோல் 126. மொத்தம் 1,221.

இப்போது மாதம் 105 வெள்ளி மிஞ்சுகிறது. கடைசியில் காருக்கும் ஒரு விலை கிடைக்கும்.

அலவன்ஸ் அதே 1,500தான், கார்தான் மாறியது. எந்தக் காரில் போக உங்கள் குடும்பம் சம்மதிக்கும் என்பதில்தான் முடிவு நிற்கிறது. வீட்டில் உட்கார்ந்து இதை வெளிப்படையாகப் பேசுங்கள். ஐந்து பேரும் சாமான்களும் சின்னக் காரில் தீபாவளிக்கு ஈப்போவரை போக முடியுமா? முடியும் என்று எல்லோரும் மனதார ஒப்புக்கொண்டால் காசு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஷோரூமுக்குப் போனதும் மனம் பெரிய காருக்குத் தாவும் என்று தெரிந்தால் கம்பெனி காரிலேயே இருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கடன் முடிந்த கார் ஒன்று சும்மா நிற்கிறதா? உங்களுக்குத் தவணையே கிடையாது, அலவன்ஸை வாங்கிக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் எம்.ஆர்.டி. ரயில் நிலையம் பக்கத்தில் வீடும் அலுவலகமும் இருந்து, 50 வெள்ளி மாதப் பாஸில் வேலைக்குப் போய்வர முடிந்தவர்களுக்கும் இதே பதில். பினாங்கில் முத்தியாரா எல்.ஆர்.டி. ரயில் பாதை இன்னும் கட்டுமானத்தில் இருப்பதால், பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் போகிறவர்களுக்கு அந்த வழி இப்போதைக்குக் கிடையாது.

படி 6: வேலை மாறினால்?

கணக்கில் லாபம் வந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். வேலை போனாலோ மாறினாலோ அலவன்ஸ் அன்றோடு நின்றுவிடும். தவணை நிற்காது. கம்பெனி காரில் இருப்பவர் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம். கடனில் இருப்பவர் அந்த மாதமும் வங்கிக்குக் கட்டியாக வேண்டும். ஆட்குறைப்புப் பேச்சு அடிபடும் தொழிற்சாலை என்றால் ஆறு மாதத் தவணை சேமிப்பில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு வாங்கும் எண்ணம் இருந்தாலும் யோசியுங்கள். கார் கடன் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். கடன் பதிவில் ஏறும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி உங்கள் மாதத் தவணைகள் வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்க்கும். 1,167 வெள்ளி கார் தவணை, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வீட்டுக் கடனை நன்றாகவே குறைத்துவிடும். வீடுதான் முதல் தேவை என்றால் அதை வாங்கி முடிக்கும்வரை கம்பெனி காரிலேயே ஓட்டுங்கள்.

படி 7: எச்.ஆரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

வாய்ச்சொல் போதாது. மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அலவன்ஸ் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயரும்? சம்பளமில்லா விடுப்பிலும் நீண்ட மருத்துவ விடுப்பிலும் கிடைக்குமா? போனஸ் கணக்கில் சேருமா? சேமநிதிக்கு, அதாவது இ.பி.எஃப்.புக்கு, இதிலிருந்து பிடித்துச் செலுத்துவார்களா? பிடித்தால் உங்கள் பங்கு 11 விழுக்காடு கையில் குறையும். ஆனால் 5,000 வெள்ளிக்கு மேல் ஊதியம் உள்ளவர்களுக்கு முதலாளியும் 12 விழுக்காடு போடுவார். ஓய்வுக்காலத்துக்கு அது நல்ல காசு. ஒருமுறை காசு வாங்கினால் மறுபடி கம்பெனி காருக்குத் திரும்ப முடியுமா என்றும் கேளுங்கள்.

இப்போது ஓட்டும் காரையே புத்தக மதிப்பில், அதாவது தேய்மானம் போகக் கம்பெனிக் கணக்கில் நிற்கும் விலையில், உங்களுக்கு விற்பார்களா? நிறையப் பேர் கேட்காமல் விடும் கேள்வி இது. அதன் சர்வீஸ் வரலாறு உங்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத பழைய காரை வாங்குவதைவிட எவ்வளவோ பாதுகாப்பு.

படி 8: காசுதான் என்று முடிவானால்

வரிசை முக்கியம். முதலில் வங்கியிடம் கடன் ஒப்புதல், அடுத்து உங்கள் பெயருக்கு இன்சூரன்ஸ் விலை. இரண்டும் கையில் வந்தபின் 3, 4ஆம் படிகளின் கணக்கை உண்மை எண்களோடு ஒருமுறை மறுபடி போடுங்கள். அப்புறம்தான் எச்.ஆர். கடிதத்தில் கையெழுத்து.

புதுக் கார் கைக்கு வரும் தேதிக்குப் பிறகே பழைய காரை ஒப்படைக்கும் தேதி இருக்கட்டும். ஒப்படைக்கும் நாளில் காரின் நான்கு பக்கமும், உள்ளேயும், கிலோமீட்டர் எண்ணையும் படம் எடுத்து, பெட்ரோல் கார்டு, டோல் கார்டு, உதிரிச் சாவி எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். கார் நன்மை எந்த மாதத்தோடு முடிந்தது என்பது ஈ.ஏ. படிவத்தில் சரியாக வரவேண்டும். ஆண்டின் நடுவில் கொடுத்தால் ஓட்டிய மாதங்களுக்கு மட்டுமே மதிப்புப் போடப்படும். டி.பி.2 படிவம் கொடுத்துக் கார் நன்மையை மாதாந்திர பி.சி.பி. வரிப் பிடித்தத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தால், அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் நீங்கியிருக்கிறதா, புது அலவன்ஸுக்கான வரி சரியாகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.