ஊரில் ஒரு புதிய முறை நிலைக்க என்ன செய்ய வேண்டும்?

கிராமத்தில் புதிய கருவியையோ சாகுபடி முறையையோ அறிமுகப்படுத்த விரும்புபவர், அதை எப்படி விளக்குவது என்று யோசிப்பதற்கு முன், அது பொய்த்துப் போனால் நட்டம் யாருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். யோசனை சொன்னவருக்கு அது அறிக்கையில் ஒரு வரி. செய்து பார்த்தவருக்கு ஒரு பருவத்து விளைச்சல். இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான் ஊராரைப் பழமைவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, சோதனையைச் சிறிதாக்குவது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ஆராய்ந்து ரையன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943இல் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கணக்கில் எடுத்த 259 உழவர்களில் இருவரைத் தவிர மற்ற அனைவரும் 1928 முதல் 1941 வரையிலான காலத்தில் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனால் முதலில் துணிந்தவர்கள்கூட தொடக்கத்தில் நிலத்தின் ஒரு பகுதியில் மட்டுமே விதைத்தார்கள். செய்தி பலருக்கும் விற்பனையாளர் வழியாக வந்தது. மாறலாம் என்ற உறுதியைத் தந்ததில் அக்கம்பக்கத்தாருக்கே பெரும்பங்கு.

இதைக் களத்தில் செயல்படுத்துவது கடினமன்று. நடைபாதையை ஒட்டிய வயலில் சில பாத்திகளைப் புதிய முறைக்கும், அவற்றை ஒட்டியே அதே அளவு பாத்திகளைப் பழைய முறைக்கும் ஒதுக்கி, இரண்டுக்கும் ஒரே நீரும் எருவும் கிடைக்கச் செய்யுங்கள். ஊரின் பெரிய நிலக்காரரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். "அவருக்கென்ன, தாங்குவார்" என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நடுத்தர மண்ணும் நடுத்தர வசதியும் உள்ள ஒருவரே பொருத்தம். அறுவடையன்று தராசை ஊராரே கொண்டுவரட்டும், எடையை அவர்களே படிக்கட்டும். குறைந்திருந்தால் குறைந்தது என்றே சொல்லுங்கள். அந்த ஒப்புதல் அடுத்த முறை உங்கள் பேச்சுக்கு மதிப்பைக் கூட்டும்.

பேசுவதைவிடக் கேட்பதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். பெரு நாட்டின் லாஸ் மோலினோஸ் என்ற ஊரில் குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒரு சுகாதாரப் பணியாளர் ஈராண்டுகள் வீடு வீடாக நடந்தார். ஏறத்தாழ 200 குடும்பங்களில் 11 மட்டுமே புதிதாக அப்பழக்கத்துக்கு வந்தன. காய்ச்சிய நீர் நோயாளிகளுக்கானது என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். கிருமியைப் பற்றிய விளக்கம் அந்த எண்ணத்தைத் தொடவேயில்லை.

பழுது பார்ப்பதைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுப்பது அவசியம். இந்தியா மார்க் 2 கைப்பம்பு உறுதியானதுதான். ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால், அதை மாற்ற நிலத்தடிக் குழாய் முழுவதையும் வெளியே இழுக்கத் தனிக் கருவிகளும் ஒரு குழுவும் தேவைப்பட்டன. அதன்பின் வந்த மார்க் 3இல் குழாயை அசைக்காமலேயே பிஸ்டனை மேலே எடுக்க முடிந்ததால், ஊராரே பழுது பார்க்க வழி பிறந்தது. நீங்கள் கொண்டுவரும் கருவியையும் ஒருமுறை ஊரார் முன்னிலையில் கழற்றிப் பூட்டச் செய்யுங்கள். உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதற்கு விடை இல்லையென்றால், கருவியை இப்போதைக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

புதுமை வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. 1980களின் இறுதியில் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய ஹனி பீ வலையமைப்பு, கிராமத்துக் கண்டுபிடிப்புகளைத் திரட்டும்போது கண்டுபிடித்தவரின் பெயரைக் குறிப்பதையும், திரட்டியதை அவரவர் மொழியிலேயே திருப்பித் தருவதையும் நெறியாகக் கொண்டது. நீங்களும் கேட்டு அனுமதி பெற்ற பிறகே படம் எடுங்கள், பெயரை விடாமல் எழுதுங்கள். ஊரார் உங்கள் கருவியில் ஒரு கம்பியை வளைத்தோ பிடியை மாற்றியோ பயன்படுத்தினால் திருத்தப் போகாதீர்கள். காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மானியமும் இலவச விதையும் நின்ற பிறகு வரும் முதல் பருவத்தில், யார் யார் தம் கைக்காசில் தொடர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதன்பின், கைவிட்டவர்களின் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள்.