கபடி முடிந்த பிறகும் கையில் இருக்க வேண்டியவை

திருமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் வேலை விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வரும் பெண்கள் ஃபைல் நிறையச் சான்றிதழ் கொண்டுவருவார்கள். புரட்டினால் பாதிக்கு மேல் உதவாது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் என் ஃபைலும் அப்படித்தான் இருந்தது. மதுரையில் பி.காம். படித்த மூன்று வருடமும் கல்லூரி கபடி அணியில் லெஃப்ட் கார்னர் நான், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவள்.

இந்த வருடம் அக்கா மகள் கல்லூரி கபடி அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். “சித்தி, மூணு வருஷம் மண்ணுல உருண்டு எனக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் காகிதம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வாங்கிய கோப்பை வீட்டு அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். மத்திய அரசு வேலைகளுக்குக் கேட்பது படிவம் 3. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்குப் பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தருவது அது. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2. தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு.

நான் பல்கலைக்கழக அணியில் தென்மண்டலப் போட்டி வரை போய் ஆடியவள். பங்கேற்புச் சான்றிதழே போதும் என்று இருந்துவிட்டேன். வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் படிவத்தைக் கேட்டார்கள். அலைந்து வாங்குவதற்குள் தேதி முடிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் இன்றைக்கும் வயிறு எரியும்.

அதனால் ஆடிவிட்டு வந்த அந்த மாதமே படிவத்தை வாங்கிவிடுங்கள். அழைத்துப் போன உடற்கல்வி இயக்குநர் மாறிப் போனால் பழைய பதிவேட்டை யார் தேடுவது? இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். என் கடைக்கு வரும் வழக்குகளில் பாதி இனிஷியல்தான். அப்புறம், அசலை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் ஒரு முத்திரை போட வேண்டி வந்தால் இடமிருக்காது. லேமினேஷன் போட்டுச் சம்பாதிக்கிறவளே சொல்கிறேன்.

சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி லேடி டோக் கல்லூரியில் படித்தவர். மதுரை ரயில்வே கோட்டத்தில் வேலையில் இருந்துகொண்டே 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் ஓடினார். எல்லோரும் ரேவதி ஆக முடியாது. ஆனால் ஆட்டத்தால் வேலைக்குப் போன பெண்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அடுத்தது உடம்பு. எலும்பு இருபதுகளின் கடைசிக்குள் தன் முழு பலத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு இருப்பதைக் காப்பாற்றும் வேலைதான். மாதவிடாய் நின்றதும் வேகமாகக் குறையும். ஓடிக் குதித்து ஆடும் இந்த வயதில் சேர்ப்பதுதான் கைமுதல். வெறும் வயிற்றோடு பிராக்டிஸுக்கு ஓடினால் அது சேராது. கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரைடு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய் வந்ததும் மூச்சு வாங்கினால், ஸ்டாமினா இல்லை என்று உங்களை நீங்களே திட்டாமல் ஹீமோகுளோபினைப் பாருங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர முருங்கைக்கீரையோடு எலுமிச்சை சேர்த்துக்கொள்ளுங்கள், டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மூன்று மாதம் தீட்டு வராவிட்டால் ‘தொல்லை விட்டது’ என்று இருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

விழுவதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் முதல் மாதமே கேளுங்கள். போன ஐப்பசி மழையில் மாட்டுத்தாவணியில் பஸ் படியிலிருந்து வழுக்கினேன். கையை ஊன்றியிருந்தால் மணிக்கட்டு போயிருக்கும். உடம்பு தானாகத் தோளைச் சுருட்டிப் பக்கவாட்டில் உருண்டது. பின்னால் வந்த ஓர் ஆத்தா, “ஏம்மா, சர்க்கஸ்ல இருந்தியா?” என்றார். சேலை பாழ், எனக்கு ஒன்றும் இல்லை.

டூர் போகும்போது பயணக் கணக்கு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேருக்கு டிக்கெட், சாப்பாடு, மிச்சம் என்று நோட்டில் எழுதிப் பழகியதுதான் என் கடைக்கு முதலீடு. இன்னொன்று குரல். அதுவரை நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசாதவள் நான். நான் கணுக்காலைப் பிடித்த நொடியில், எனக்கு உள்பக்கம் நிற்கும் கவர் ஆட்டக்காரி வந்து விழாவிட்டால் பாடி வந்த ரைடர் உதறிக்கொண்டு போய்விடுவாள். கத்திக் கூப்பிட்டே ஆக வேண்டும். இப்போது கடையில் காசு தராமல் மல்லுக்கு நிற்பவர்களுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

கல்யாணமானால் ஆட்டம் நின்றுவிடும். எனக்கும் பத்து வருடம் நின்றது. அந்தக் கவர் ஆடியவள் இப்போது மேலூரில் டீச்சர். அவள் நம்பரை விடாமல் வைத்திருந்ததால்தான் இன்றும் ஞாயிறு காலை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி இருவரும் நடக்கிறோம்.

நேற்று அக்கா மகள் தன் முதல் சான்றிதழைக் கொண்டுவந்தாள். இனிஷியல் தப்பு. திங்கட்கிழமை முதல் வேலையாகத் திருத்தி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.