பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

விவாகரத்துக்குப் பிறகு பிள்ளையின் நடத்தை மாறினால், இரு தரப்பும் உடனே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா வீட்டிலிருந்து திரும்பிய மகன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான், தங்கையைக் கிள்ளுகிறான். "அங்கே என்னவோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்" என்கிறார் அம்மா. அடுத்த வாரம் அப்பாவிடம் போகும்போது அதே மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அவள்தான் ஏற்றிவிட்டு அனுப்பியிருக்கிறாள்" என்கிறார் அப்பா. ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கு மாறும் அந்த மணி நேரங்கள் எந்தக் குழந்தைக்கும் கடினமானவை. அந்த எரிச்சலை யாருக்கும் எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

உண்மையிலேயே ஏற்றிவிடுவதும் நடக்கிறது. அப்போது பிள்ளையிடம் தெரியும் மாற்றம் வேறு வகையானது. ஏழு வயதுக் குழந்தை, "அவர் எங்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்" என்று சொல்லும்; என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும். ஒருவரிடம் ஒரு நல்லதும் இல்லை, மற்றவரிடம் ஒரு குறையும் இல்லை என்று சாதிக்கும். நேற்றுவரை மடியில் படுத்துக் கதை கேட்ட பாட்டியையும் சேர்த்து வெறுக்கும். சந்திக்க வேண்டிய நாளின் காலையில் வயிறு வலிக்கும். அந்த வலி பெரும்பாலும் நடிப்பல்ல. மனத்தின் அழுத்தம் குழந்தைகளுக்கு உடம்பில்தான் முதலில் தெரியும்.

திரும்பி வந்ததும் வாசலிலேயே விசாரணையைத் தொடங்குவது பலரும் அறியாமல் செய்வது. "யார் வந்திருந்தார்கள்? என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்?" இரண்டு வீட்டிலும் இப்படிக் கேட்டால், அங்கே மகிழ்ச்சியாக இருந்ததை இங்கே மறைக்கவும், இங்கே நடந்ததை அங்கே மாற்றிச் சொல்லவும் குழந்தை பழகிக்கொள்ளும். பிறகு "பொய் சொல்கிறான்" என்று பள்ளியிலிருந்து புகார் வரும். இருவரையும் இழக்காமல் இருக்க அவன் கண்டுபிடித்த ஒரே வழி அது. கை கால் கழுவச் சொல்லி, சாப்பாடு போட்டு, அவனாகப் பேசும்வரை விட்டுவிடுங்கள்.

நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக வந்து விழும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "அப்படியே அப்பன் புத்தி." அடம்பிடித்தாலும் சொல்வோம், கணக்கில் மதிப்பெண் குறைந்தாலும் சொல்வோம். அம்மாவைக் குறித்தும் இதே பேச்சு மறுபக்கத்தில் உண்டு. அப்பா கெட்டவர் என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளையிடம், நீயும் அவரைப் போலத்தான் என்றும் சொன்னால், அவன் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வருவான்? சில பிள்ளைகள் ஒடுங்கிப்போகிறார்கள். சிலர் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதுபோல இன்னும் முரடாகிறார்கள். பெற்றோர் நாக்கைக் கட்டுப்படுத்தினாலும் தாத்தா, சித்தி, மாமா என யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களைத் தடுப்பது, பிள்ளையைத் தன்னிடம் வைத்திருப்பவரின் கடமை.

ஜீவனாம்சம் வராத மாதத்தில் பிள்ளையைக் காட்ட மறுப்பதும், காட்டாததால் பணத்தை நிறுத்துவதும் தவறு. இரண்டும் சட்டத்தில் தனித்தனி விஷயங்கள். பாக்கியை நீதிமன்றத்தில் கேளுங்கள், பிள்ளையின் காதில் போடாதீர்கள்.

"உனக்கு விருப்பம் இருந்தால் போ, நான் தடுக்கவில்லை" என்பது பெருந்தன்மையாகத் தெரியும். எனக்கு இது ஆபத்தான பேச்சாகவே படுகிறது. சொல்லும்போது குரல் உடைந்திருந்தாலே போதும், பிள்ளை போக மாட்டான். பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவு அவன் தலையில் விழுகிறது, அதன் குற்ற உணர்வும் கூடவே வருகிறது. "சனிக்கிழமை அப்பாவோடு இருப்பாய், ஆறு மணிக்கு வந்துவிடுவாய்" என்று இயல்பாகச் சொல்லி, பையை எடுத்துக் கொடுங்கள்.

பிள்ளையால் ஒதுக்கப்பட்ட அப்பாவோ அம்மாவோ செய்யும் தவறுகளும் குறைவில்லை. "யார் சொன்னது? எல்லாம் பொய்!" என்று பிள்ளையோடு வாதாடுவது, விலை உயர்ந்த பொருள்களால் மனத்தை வாங்கப் பார்ப்பது, மனம் வெறுத்து "பெரியவனானால் தானே புரிந்துகொள்வான்" என்று விலகிவிடுவது. இந்தக் கடைசித் தவறுதான் மிகவும் கொடியது. "வராதே" என்று சொல்லும் பிள்ளை, அவர் மறுபடி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம். வராமல் போனால், கேட்டதெல்லாம் உண்மை என்றாகிவிடும். உங்களுக்கென்று ஒதுக்கிய நாளில் சொன்ன நேரத்துக்குப் போங்கள். பழி சொன்னால், "உனக்குக் கோபம் இருக்கிறது, புரிகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒருவர் ஏற்றிவிட்டதால் பிள்ளை மற்றவரை வெறுத்து ஒதுக்கும் இந்த நிலைக்கு 1985-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 'பெற்றோர் அந்நியமாக்கல்' (Parental Alienation Syndrome) என்று ஒரு நோய்க்குறித் தொகுப்பாகவே பெயர் சூட்டினார். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு பெண் குழந்தையின் வழக்கில் இந்தக் கருத்தைப் பேசியது. 2024-இல் இன்னொரு வழக்கில், குறிப்பிட்ட செயல்களை அடையாளம் காணாமல் பெற்றோர் ஒருவர்மீது அவசரப்பட்டு இந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை மிகவும் தேவையானது. அடியும் வசவும் பார்த்து வளர்ந்த பிள்ளை அப்பாவையோ அம்மாவையோ பார்க்க அஞ்சினால், அந்த அச்சத்துக்குக் காரணம் பிள்ளையின் கண்முன் நடந்தது. அதை "ஏற்றிவிட்டது" என்று தள்ளிவிட்டுச் சந்திப்புக்குக் கட்டாயப்படுத்துவது, பிள்ளையை மறுபடி ஆபத்துக்கு அனுப்புவதாகும்.

எது கற்றுக்கொடுத்த வெறுப்பு, எது நியாயமான பயம் என்று தாயும் தந்தையும் தாங்களே முடிவு செய்ய முயல வேண்டாம். இருவரையும், பிள்ளையைத் தனியாகவும் சந்தித்துப் பேசும் குழந்தை மனநல நிபுணரிடம் விடுங்கள். குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்களை அமர்த்த 1984-ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்திருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருந்தால், அந்த ஆலோசனைக்கு வழக்கறிஞர் மூலம் மனு கொடுக்கலாம். பிள்ளைக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் எந்த நேரத்திலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம்.