ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லையா? எஞ்சினைத் தூக்குவதற்கு முன்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கியர்பாக்ஸைக் கழற்றுவது சின்ன வேலை இல்லை. எஞ்சினையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அதனால் இந்தக் காரில் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாக ஓடவிடும் கூடுதல் கியர்) நின்றுபோனதும் "உள்ளே ஏதோ போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. என் அனுபவத்தில், கோளாறு பெரும்பாலும் ஒயரில் இருக்கும், இல்லையென்றால் ஆயிலில் இருக்கும். இரண்டையும் கியர்பாக்ஸை அசைக்காமலே பார்த்துவிடலாம்.

முதலில் அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபியின் நான்கு கியர் பாக்ஸுக்குப் பின்னால் மாட்டியிருப்பது லேகாக் ஓவர்டிரைவ். முதலில் டி டைப், 1967 கடைசியிலிருந்து எல்எச் டைப். ஸ்விட்சைப் போட்டால் சொலினாய்டு (கரண்ட் வந்தால் இழுக்கும் மின்காந்தம்) ஒரு வால்வை இயக்கும். ஆயில் பிரஷர் பிஸ்டன்களைத் தள்ளும். கூம்பு வடிவக் கோன் கிளட்ச் நகர்ந்து, வெளியே இருக்கும் பிரேக் ரிங்கில் போய் அழுந்தும். நடுவில் உள்ள சன் கியர் நின்றுவிட, சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும். எல்எச் டைப்பில் விகிதம் 0.82. அதாவது 3500 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சின், வண்டியின் வேகம் மாறாமலே 2870-க்கு இறங்கிவிடும். ஆர்பிஎம் முள் இறங்குவதைப் பார்த்தே ஏறியதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

ஒருமுறை நண்பர் தன் 1972 எம்ஜிபியோடு வந்தார். யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, நாலாவது கியரில் தள்ளி, ஓவர்டிரைவ் ஸ்விட்சைப் போட்டோம். தரையில் படுத்துக் காது கொடுத்தால் சொலினாய்டு 'டிக்' என்று சத்தம் போட வேண்டும். வரவில்லை. கியர் லீவரை லேசாக இடமும் வலமும் ஆட்டியதும் டிக், மறுபடி டிக். கியர்பாக்ஸ் மேலே இருக்கும் இன்ஹிபிட்டர் ஸ்விட்சுக்குப் போகும் ஒயர், வளையும் இடத்தில் விறைத்து வெடித்திருந்தது. உள்ளே செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. ஒரு சாண் ஒயர் மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது.

இந்த இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் எதற்கு என்று புரியாமல் செய்யும் தவறு, மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது. மூன்றாவது, நாலாவது கியரில் மட்டும் கரண்ட் போகவிடுவதுதான் அதன் வேலை. (கடைசிக் கால எம்ஜிபிகளில் நாலாவதில் மட்டும்தான். மூன்றாவதில் ஏறவில்லை என்று அந்த வண்டிகளில் கோளாறு தேட வேண்டாம்.) ஸ்விட்ச் போய்விட்டது என்று சிலர் அதைத் தாண்டி நேராக சொலினாய்டுக்கு ஒயர் கொடுத்துவிடுகிறார்கள். சோதனைக்கு இரண்டு நிமிடம் கொடுத்துப் பார்க்கலாம், தப்பில்லை. அப்படியே விட்டுவிட்டு ஒருநாள் ஓவர்டிரைவ் ஏறிய நிலையில் ரிவர்ஸ் போட்டால், உள்ளே இருக்கும் ஒருவழி ரோலர் கிளட்ச் இறுகிப் பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கோன் கிளட்ச் பிடித்திருக்கிறது, இன்னொரு பக்கம் ரோலர் கிளட்ச் பிடிக்கிறது. விகிதம் இரண்டும் வேறு. ஏதாவது ஒன்று உடைந்துதான் தீரும்.

ஓவர்டிரைவ் ஏறி இறங்காமல் மாட்டிக்கொண்டாலும் இதே எச்சரிக்கைதான். வண்டி பின்னால் நகர மறுத்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது, ரிவர்ஸும் போடக் கூடாது. முதலில் கரண்ட்டைத் துண்டித்துப் பாருங்கள். அப்படியும் விடவில்லை என்றால் கோன் கிளட்ச் ஒட்டியிருக்கலாம். கேசிங்குகளுக்கு நடுவே வெளியில் தெரியும் பிரேக் ரிங்கைத் தோல் சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் பல நேரம் விட்டுவிடும்.

'டிக்' சத்தம் வந்ததும் ஒயர் பக்கம் எல்லாம் சரி என்று நம்பலாம். ஆனால் ஓவர்டிரைவ் சரி என்று நம்ப முடியாது. பிரஷர் வேண்டுமே. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு பிரஷர் வருகிறதா என்று பார்ப்பார்கள். பம்ப்பை ஓட்டுவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் மெயின் ஷாஃப்ட். வண்டி நின்றால் பம்ப்பும் நிற்கும். பின் சக்கரங்களை உறுதியான ஸ்டாண்டில் ஏற்றி, கியர் போட்டு ஓடவிட்டுத்தான் பிரஷர் கேஜைப் பார்க்க வேண்டும். எல்எச் டைப்பில் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு வாக்கில் காட்டினால் பம்ப்பைச் சந்தேகப்பட வேண்டாம்.

பிரஷர் குறைவாக இருந்தால் உடனே பம்ப்பைக் குறை சொல்லாமல் ஆயிலைப் பாருங்கள். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஆயில் ஒன்றுதான். அளவு கொஞ்சம் குறைந்தாலே பம்ப் காற்றை இழுக்கும். கியர்பாக்ஸ்தானே என்று கெட்டியான 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்எச் டைப்புக்கு வேண்டியது எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20W50. வழுக்கலைக் கூட்டும் ஆடிடிவ் எதுவும் கூடவே கூடாது. கோன் கிளட்ச் உராய்ந்து பிடிக்க வேண்டிய பொருள், வழுக்கினால் எப்படிப் பிடிக்கும்?

ஆயில் மாற்றும்போது ஓவர்டிரைவின் அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி ஃபில்டரையும் கழுவுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, மறுபடி ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஓவர்டிரைவ் தன் பங்கை இழுத்துக்கொண்டிருக்கும், மட்டம் இறங்கியிருக்கும்.

பழைய டி டைப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அந்த சொலினாய்டில் இரண்டு காயில் உண்டு. இழுப்பதற்கு ஒன்று, நிறைய ஆம்பியர் எடுக்கும். பிடித்து வைக்க இன்னொன்று. பிளஞ்சர் முழுசாக உள்ளே போனால்தான் முதல் காயில் அணையும். லீவர் அட்ஜஸ்ட்மென்ட் தப்பினால் அது அணையாமல் சூடேறிக் கருகிவிடும். சொலினாய்டு எரிந்ததென்று புதுசு வாங்கி மாட்டுபவர்கள் லீவரைச் சரிபார்ப்பதில்லை. புதுசும் அதே வழியில் போகும். லீவரில் உள்ள துளையும் கேசிங்கில் உள்ள துளையும் நேராக வர வேண்டும். 3/16 அங்குலக் கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வயரிங், ஆயில், ஃபில்டர், பிரஷர் நான்கும் சரியாக இருந்தும் ஓவர்டிரைவ் ஏறிய பிறகு ஆர்பிஎம் மட்டும் எகிறி வழுக்குகிறது என்றால், சரி, கோன் கிளட்ச் லைனிங் தேய்ந்திருக்கிறது. அப்போது எஞ்சினைத் தூக்கலாம்.