ஃபேனால் செத்த பேட்டரி

ஓசூரில் ஏற்றிய அவசர லோடு, டெல்லிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்து சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். பக்கத்து வண்டியில் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து போய்விட்டேன், ஆனால் அந்த ஒரு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

ஊர் திரும்பியதும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு பேட்டரி 12.7 வோல்ட், மற்றது 11.8. நல்லதாகக் காட்டியதன் மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றித் தகடு தெரிகிறது! அப்புறம்தான் புரிந்தது. லாரி 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்தது. கேபின் ஃபேனுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வேண்டுமென்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருந்தார்கள். அந்த பேட்டரியில் தினமும் சார்ஜ் இறங்க, இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஏற்ற, மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதித்திருக்கிறது.

அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை ஃபியூஸோடு மாட்டினேன். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, இரண்டையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் போட்டேன். அதற்கப்புறம் நான்கு டிரிப், ஒருமுறைகூட நிற்கவில்லை. ராத்திரி ஃபேன் போட்டே தூங்குகிறேன்.