பாம்பு முட்டையைக் கீறுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் வட்டாரத்தில் பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பை வளர்க்கும் இளைஞர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். கோடை முற்றும் வேளையில் அவர்களிடமிருந்து ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். தெர்மாகோல் பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிய வெள்ளை முட்டைகள் மேற்புறம் குழிந்து கிடக்கும், படத்துக்குக் கீழே "அண்ணா, கீறிடலாமா?" என்ற கேள்வி இருக்கும். குட்டி தானாக வெளிவருவதற்கு முன்பே ஓட்டை வெட்டித் திறப்பதைத்தான் கீறுவது என்கிறோம். இந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கும் தவறுகள் எவையும் புதியவை அல்ல, எல்லைப்புறத்தில் முதன்முதலாக இந்தப் பாம்பை வளர்க்கத் தொடங்கிய எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் செய்தவைதாம். பெட்டி சுத்தமாக இருக்க வேண்டும், வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அடை வைக்கக் கூடாது என்பவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

கோழி முட்டையைப் போலத் திருப்புவது

கோழிப்பண்ணைகள் நிறைந்த பகுதி இது. முட்டையை நாள்தோறும் திருப்பி வைக்க வேண்டும் என்ற பழக்கம் பலருடைய கையிலேயே ஊறியிருக்கிறது. பாம்பு முட்டையில் அது கருவைக் கொல்லும். இட்ட சிறிது நேரத்திலேயே கரு ஓட்டின் மேற்புற உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டையைத் தலைகீழாக்கினால் கரு மஞ்சள் கருவின் அடியில் அமிழ்ந்துவிடும். பென்சிலால் மேற்புறத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கடைசி நாள்வரை மேலேயே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிரிக்காதீர்கள்.

குழிவைக் கண்டதும் தண்ணீர் தெளிப்பது

குழிவில் இரண்டு வகை உண்டு. அடை வைத்த முதல் சில வாரங்களிலேயே முட்டை சுருங்கினால் அது பெரும்பாலும் வறட்சிதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காய்ந்த காற்று வீசும் மாதங்களில், மூடி சரியாகப் பொருந்தாத பெட்டி எவ்வளவு விரைவாக ஈரத்தை இழக்கும் என்பது இங்கே குடியிருக்கும் எவருக்கும் தெரியும். அப்போது வெதுவெதுப்பான நீரை, முட்டைகளுக்கு அடியில் பரப்பியிருக்கும் ஈரம் தாங்கும் துகளான வெர்மிகுலைட்டின் ஓரமாக மட்டும் விட வேண்டும், முட்டையின் மேல் ஒரு துளியும் படக் கூடாது. ஓட்டின் வழியாகவே உள்ளிருக்கும் கரு காற்று வாங்குவதால், மேலே தேங்கும் நீர் அதன் மூச்சை அடைக்கும். கடைசி இரண்டு வாரங்களில் தோன்றும் குழிவோ இயல்பானது. உள்ளே குட்டி முழு வடிவம் பெற்று, நீரும் மஞ்சள் கருவும் குறைய, ஓடு தளர்ந்து இறங்குகிறது. அதற்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை.

நாள்காட்டியைப் பார்த்துக் கீறுவது

இதைப் பற்றி மட்டும் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆண்டுதோறும் எவ்வளவு சொன்னாலும் இது நிற்பதில்லை.

வேலந்தாவளத்துத் தம்பி ஒருவர், நல்ல அக்கறையுள்ளவர், சென்ற பருவத்தில் ஆறு முட்டைகளை அடை வைத்திருந்தார். 52ஆம் நாள் முட்டைகள் குழியத் தொடங்கின. "55 நாளில் பொரிந்துவிடும், அதற்கு முன்பே கீறிவிட்டால் ஒரு குட்டியும் வீணாகாது" என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று இரவே பிளேடால் ஆறையும் கீறினார். முதல் முட்டையிலேயே இரத்தம் வந்தது. அது குட்டியின் இரத்தம் என்பதை அவர் உணர்வதற்குள் மற்ற ஐந்தும் திறந்தாகிவிட்டது. உள்ளே இருந்தவற்றுக்கு நிறம்கூட முழுமையாக ஏறவில்லை, ஒவ்வொன்றின் வயிற்றிலும் மஞ்சள் கரு நிறைந்த பெரிய பை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு குட்டிகள் பிழைத்தன.

அடுத்த நாள் அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. தெர்மோஸ்டாட்டின் உணரி வெப்பப் பாயை ஒட்டிய சுவரில் மாட்டப்பட்டிருந்தது. அந்தச் சுவர் 32 டிகிரி காட்டியது. முட்டைகளுக்கு நடுவே வேறொரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 29 டிகிரிதான் இருந்தது. பால் பைத்தான் முட்டை 31 முதல் 32 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 55 முதல் 60 நாட்களில் பொரியும் என்ற கணக்கு, முட்டை உண்மையிலேயே அந்த வெப்பத்தில் இருந்தால் மட்டுமே பொருந்தும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பொரிப்பு ஒரு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போகும். ஆகவே அவர் எண்ணிய 52 நாட்கள் அந்தக் கருவின் கணக்கில் 52 நாட்களே அல்ல. உணரியை முட்டை இருக்கும் மட்டத்தில், முட்டைகளுக்கு அருகிலேயே வைத்திருந்தால் நாள்களை எண்ணுவதிலாவது கொஞ்சம் பொருள் இருந்திருக்கும்.

எனக்கு எரிச்சலூட்டுவது அறியாமை மட்டுமன்று. கீறுபவர்களிடம் காரணம் கேட்டால் குட்டி மூச்சுத் திணறும், வெளியே வரத் தெரியாமல் செத்துப்போகும் என்பார்கள்; ஆனால் பெரும்பாலும் உண்மையான காரணம், உள்ளே எந்த நிற வகை வந்திருக்கிறது என்பதை இரண்டு நாள் முன்னதாகப் பார்த்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்ற ஆசைதான். அந்த ஆசை தவறென்று நான் சொல்லவில்லை. குட்டி காத்திருக்கும்போது நாமும் காத்திருக்கலாம் என்றே சொல்கிறேன்.

ஒரு குட்டி வெளியே வரும் முறையைத் தெரிந்துகொண்டால் இந்த அவசரம் பாதி அடங்கும். மூக்கு நுனியில் உள்ள முட்டைப் பல்லால் குட்டி ஓட்டில் ஒன்றோ பலவோ கீறல்களைப் போடும். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டியபடி ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மாட்டிக்கொண்டதுபோலத் தோன்றினாலும், அந்த நேரத்தில்தான் நுரையீரலால் மூச்சு விடப் பழகிக்கொண்டே, மிச்சமுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஓட்டின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் இரத்தக் குழாய்களும் அப்போதுதான் வேலை முடிந்து வற்றுகின்றன. அவை வற்றுவதற்கு முன் நாம் வைக்கும் கீறல் நேராக அவற்றின் மேல் விழுகிறது.

அப்படியானால் ஒருபோதும் உதவக் கூடாதா? நான் அவ்வாறு கருதுவதில்லை. வறட்சியில் ஓடு தடித்துப்போன முட்டையிலும், இரட்டைக் கரு உள்ள முட்டையிலும், தலை தவறான பக்கம் திரும்பியிருக்கும் குட்டியிலும் உதவி உயிரைக் காப்பாற்றியதைக் கண்டிருக்கிறேன். கீறி எடுத்த குட்டி முதுகெலும்பு வளைந்திருந்து சில நாட்களில் இறந்ததையும் கண்டிருக்கிறேன். அது கீறியதால் இறக்கவில்லை, கீறாவிட்டாலும் பிழைத்திருக்காது. ஆகவே நான் கைக்கொள்ளும் விதி ஒன்றே: ஓர் அடையில் முதல் குட்டி தானாக ஓட்டைக் கிழிக்கும்வரை எந்த முட்டையையும் தொடுவதில்லை. முதல் குட்டி கிழித்து முழுமையாக இரண்டு நாட்கள் ஆன பிறகும் அசைவின்றி இருக்கும் முட்டையை மட்டுமே திறக்கலாமா என்று யோசிப்பேன். எல்லா முட்டைகளும் ஒரே பாம்பு ஒரே நேரத்தில் இட்டு, ஒரே பெட்டியில் அடை வைத்தவை என்பதால், உள்ளிருக்கும் குட்டிகளின் வயதுக்கு நாள்காட்டியைவிட முதல் குட்டியே நம்பகமான சாட்சி.

திறப்பதென்று முடிவுசெய்தால், இருட்டில் சிறிய எல்இடி டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடித்து, இரத்தக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று முதலில் பாருங்கள். குழாய் இல்லாத மேற்பகுதியை விரலால் இலேசாகக் கிள்ளித் தூக்கி, நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோலின் முனை மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, சுண்டுவிரல் நகத்தளவுக்கு மட்டும் ஒரு திறப்பு வையுங்கள். பிளேடு வேண்டாம், அதன் ஆழம் கையில் நிற்பதில்லை. சிவப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பெட்டியை மூடிவிடுங்கள். சிவப்பு தெரியாவிட்டாலும் பெட்டியை மூடிவிட வேண்டும். திறப்பு மூக்கு வெளியே வருவதற்கான வழி மட்டுமே, மற்றதைக் குட்டி செய்துகொள்ளும்.

குட்டியை இழுத்து எடுப்பது

செய்யாதீர்கள்.

தொப்புளில் தொங்கும் மஞ்சள் கருவைக் கத்தரிப்பது

கத்தரிக்க வேண்டாம், கட்டவும் வேண்டாம். சில குட்டிகள் மஞ்சள் கரு முழுவதையும் உள்ளே இழுக்காமலே வெளியேறிவிடும். ஈரமான டிஷ்யூ விரித்த சிறிய டப்பாவில் தனியாக வைத்து அதே வெப்பத்தில் விட்டால் பெரும்பாலும் தானாகவே இழுத்துக்கொள்ளும். வெர்மிகுலைட் துகள் ஒட்டிய குட்டியை வெதுவெதுப்பான நீரில் அலசலாம், துடைக்கக் கூடாது.

பூஞ்சை பிடித்த முட்டையை வீசுவது

ஒரு முட்டையின் மேல் பூஞ்சை இருக்கிறது என்பதற்காக அது கூமுட்டை என்று முடிவுகட்டாதீர்கள். டார்ச்சில் குழாய்கள் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வயலில் கிடைத்த முட்டையை இதே பெட்டியில் வைப்பது

கிழங்கு தோண்டும்போதோ பழைய வைக்கோல் போரைக் கலைக்கும்போதோ சாரையின் முட்டைகள் கிடைப்பது இப்பகுதியில் வழக்கம். அவற்றை வீட்டில் அடை வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கு என்ற சொல்லுக்குள் ஊர்வனவற்றின் முட்டையும் அடங்கும். நம் நாட்டுப் பாம்பின் முட்டையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். கேரளப் பக்கத்தில் இருப்பவர்கள் வனத்துறையின் 'சர்ப்பா' செயலி வழியாகப் பயிற்சி பெற்ற மீட்பாளரை அழைக்கலாம். வெளிநாட்டு இனமான பால் பைத்தானுக்கும் கணக்கு உண்டு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் இணைப்பில் அது உள்ளது; மேற்சொன்ன சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, வைத்திருக்கும் பாம்பை மட்டுமன்றி அதற்குப் பிறக்கும் குட்டிகளையும் தெரிவித்தாக வேண்டும். 2024இல் வந்த விதிகளின்படி அந்தப் பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் நடக்கிறது. தாய்ப்பாம்புக்கே பதிவு இல்லாதவர்கள் இணை சேர்ப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.

பொரிந்த அன்றே எலிக்குஞ்சு வைப்பது

வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு சில நாட்களுக்குப் போதும். முதல் சட்டை உரிவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். அதுவரை சுத்தமான நீரும் ஈரமும் ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தால் போதும். சட்டை உரித்த பிறகு முதல் இரையை மாலையில் வையுங்கள். தின்னாவிட்டால் எடுத்துவிட்டு, சில நாட்கள் கழித்து மீண்டும் வைக்கலாம்.